“இது படிப்பா, வெளையாட்டா?”: சனிக்கிழமை செய்முறை வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்த கொட்டகையில், சனிக்கிழமைதோறும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு நடத்துகிறேன். அதற்கு முன் 12 வருஷம் தொடக்கப் பள்ளியில் வேலை. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்பது வாராவாரம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. சிலர் கொஞ்சம் சூடாகக் கேட்டார்கள், அதையும் மாற்றவில்லை.

இங்க என்னதான் சொல்லிக் குடுக்கீய? கைத்தொழிலா, படிப்பா?

படிப்புதான். நோட்டில் தொடங்காமல் கையில் தொடங்குகிறோம், அவ்வளவுதான். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சைக்கிள் கடையில் விற்கிற வால் டியூபை, அதாவது வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாயை, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை அதில் செருகினால் முக்கோணம், சதுரம் என்று எது வேண்டுமானாலும் கோக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சதுரம் செய்து விரலால் தட்டினாள். அது அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. “டீச்சர், இது நிக்க மாட்டேங்கு.” முக்கோணத்தைத் தட்டிப் பார் என்றேன். அது அசையவில்லை.

சதுரத்தையும் நிற்க வைக்க வேண்டும் என்று மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. எல்லாம் ஒரே நீளக் குச்சிதானே, ஏன் எட்டவில்லை? இரண்டு குச்சியை ஒட்டினாள், நீளம் அதிகமாகிவிட்டது. ஒடித்து ஒடித்துச் சரிக்கட்டி நிறுத்தினாள். சதுரத்தின் பக்கத்தைவிட மூலைவிட்டம் நீளம், ஆனால் இரண்டு மடங்கு இல்லை என்பது அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்த்தை பாடத்தில் வர இன்னும் சில வருஷம் ஆகும். அடுத்த சனிக்கிழமை வந்ததும் வராததுமாக, “பஸ்ல வரும்போது பாத்தேன், ஈபி டவர் பூரா முக்கோணமா இருக்கு” என்றாள்.

இந்தத் தீக்குச்சி வித்தை என் கண்டுபிடிப்பு இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972ல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்த அரவிந்த் குப்தா நாடு முழுக்கப் பரப்பியது.

புள்ள ரெண்டு மணி நேரம் வெளையாடிட்டு வாரான். அத வீட்லயே வெளையாடலாம்லா?

விளையாடலாம், விளையாடவும் வேண்டும். இங்கே கூடுதலாக இருப்பது கேள்வி ஒன்றுதான். பனையோலைக் காத்தாடி செய்து, உடைமுள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் செருகி ஓடாத பிள்ளை நம் பக்கத்தில் ஒரு காலத்தில் கிடையாது. அதே காத்தாடியை இங்கேயும் செய்கிறோம். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது கேட்பேன்: நின்றால் ஏன் நின்றுவிடுகிறது? ஆடிக் காற்றில் நின்றாலும் சுற்றுகிறதே, எந்தப் பக்கம் பார்த்து நின்றால்? முதுகைக் காட்டினால்?

பதிலை நான் சொல்ல மாட்டேன். வயல்வரப்பில் நாலு பக்கமும் திரும்பி நின்று பார்த்துவிட்டு அவர்களே சொல்வார்கள். பணகுடிப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருக்கிற பையன் ஒருவன், அங்கே காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கும் என்று சொன்னான். அவன் அதை நூறு தடவை பார்த்திருப்பான். அன்றைக்குத்தான் யோசித்திருக்கிறான். செய்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனால் அது பொம்மை. செய்தபின் ஒரு கேள்வி வந்தால்தான் பாடம். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

இதெல்லாம் இப்ப வந்த பேஷன்தான? எங்க காலத்துல இல்லையே.

பேஷன் இல்லை. 1937ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியைப் பேசியபோதே கைவேலை வழியாகப் படிப்பு என்றுதான் சொன்னார். ‘ஆதாரப் பள்ளி’ என்று பலகை மாட்டிய பள்ளிகளில் தக்ளியில் நூல் நூற்றதை உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். மரியா மாண்டிசோரி 1939லேயே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அரசுப் பள்ளியில் செயல்வழிக் கற்றல் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08ல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, கற்றல் ஏணியைப் பார்த்து அட்டை எடுத்துப் படித்தது அப்போதுதான். உங்கள் காலத்தில் இல்லாமல் இருக்கலாம், உங்கள் கடைசித் தம்பிக்கு இருந்திருக்கும். 2022ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பாட்டு, கதை, பொம்மலாட்டம், அட்டை எல்லாம் உண்டு. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். மறு வருஷமே நாலு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டது.

அப்போ ஸ்கூல்லயே இருக்குன்னா இங்க எதுக்கு அனுப்பணும்?

உங்கள் பிள்ளையின் பள்ளியில் நன்றாக நடந்தால் அனுப்பவே வேண்டாம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு அம்மாவிடம் இப்படிச் சொல்லி, அவரும் சரி என்று நிறுத்திவிட்டார்.

எனக்கு இருக்கிற ஒரே வசதி நேரம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அந்த இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும். அதோடு பதிவேடு, செயலியில் பதிவு, கூட்டம். நான் 12 பேரை வைத்துக்கொண்டு ஒரு தீக்குச்சிச் சதுரத்துக்கு ஒரு மணி நேரம் செலவழிக்கலாம். அவர்களால் முடியாது.

எங்க சின்னவன் எல்.கே.ஜி. அவனையும் சேத்து விடலாமா?

இப்போது வேண்டாம். ஐந்து வயது நிறையட்டும். அந்த வயதுப் பிள்ளை புளியமுத்தை (புளியங்கொட்டையை) கையில் கொடுத்தால் எண்ணாது, மூக்கில் போடும்.

சாமான்லாம் நாங்க வாங்கித் தரணுமா? ‘கிட்’ ஏதும் உண்டா?

கிட் கிடையாது. கடையில் விற்கிற டப்பாவில் எல்லாமே அளவாக வெட்டி, துளை போட்டு வரும். பிள்ளை தப்புச் செய்யவே இடம் இருக்காது. அதனால் எனக்கு அது பிடிக்காது.

பனையோலையும் ஈர்க்கும் ஊரிலேயே கிடைக்கும். களிமண் காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் வாங்குகிறேன். வீட்டிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பலாம் என்றால்: பழைய காலண்டர் அட்டை, காலித் தீப்பெட்டி, கிழிந்த வேட்டி, புளியமுத்து. போன வருஷக் காலண்டர் அட்டை மட்டும் என்னிடம் ஒரு பரண் நிறைய இருக்கிறது, போதும்.

கத்திரி, முள்ளு, சுத்தியல்னு குடுக்கீயளாம். புள்ளைக்கு ஏதும் ஆயிட்டா?

கத்திரி முனை மழுங்கியது. முள்ளைக் குத்துகிற வேலை மூன்றாம் வகுப்புக்கு மேல். சுத்தியல் எடுக்கும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சின்னக் கீறல் வரும், வந்திருக்கிறது. கழுவி மருந்து போட்டு, அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிடுவேன்.

நான் உண்மையில் பயப்படுவது கத்திரிக்கு இல்லை. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் செய்தால் கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வழக்கம். பார்க்க மிட்டாய் மாதிரி சிவப்பாக இருக்கும், கடித்து மென்றால் கடும் விஷம். என் கொட்டகைக்குள் குன்றிமணி வராது, கண்ணுக்கு மிளகு வைப்போம். அரளிக் காயும் வராது. எருக்க இலை ஒடித்தால் பால் கண்ணில் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். தாமிரபரணிக்கு வகுப்பாகக் கூட்டிப் போவதில்லை. கரையிலிருந்து பார்த்தால் எது கசம், எங்கே திடீர் ஆழம் என்று எனக்கே தெரியாது, பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எம் பையன் செஞ்சது கோணல்மாணலா இருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ள செஞ்சது எவ்வளவு அழகா இருக்கு! இவனுக்கு கை வராதோ?

கை வரும். கோணலான ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பத்தமடைப் பாய் எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே பாய் நெய்கிறதை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுவாரம் காலண்டர் அட்டையை வரிவரியாகக் கீறி, குறுக்கே ஓலையை விட்டு முடையச் சொன்னேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டான். தூக்கிக் காட்டினான், ஓலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து ஒரு பக்கம் குவிந்துவிட்டது. அவன் ஒவ்வொரு வரிசையையும் ‘மேலே, கீழே, மேலே, கீழே’ என்றே தொடங்கியிருந்தான்.

நான் எதுவும் சொல்லவில்லை. (சொல்லாமல் இருப்பது எனக்கு இன்னும் கஷ்டம்தான், 12 வருஷம் சொல்லியே பழகிய வாய்.) அழுகை வருகிற மாதிரிதான் இருந்தான். பக்கத்தில் இருந்தவளுடையதை எட்டிப் பார்த்தான். தன்னுடையதைப் பிரித்தான். இரண்டாவது வரிசையைக் ‘கீழே’ என்று தொடங்கினான். நாலாவது வரிசை போகும்போது, “ஒத்தப்படை மேல, ரெட்டப்படை கீழ” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே முடைந்தான். ஒற்றை எண், இரட்டை எண் அவனுக்கு அப்படித்தான் வந்தது. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது கோணல் பாய்தான். அந்தப் பாயைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வியே வந்தது.

கோலம் போட ஆம்பளப் புள்ளையளையும் உக்கார வைக்கீயளாமே?

ஆமாம் ஆச்சி, வைக்கிறேன். கோலம் என்றால் கணக்கு. நேர்புள்ளி 7 வைத்து 1 வரை இறக்கினால் மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 7, மேலே 5, 3, 1, கீழேயும் 5, 3, 1. கூட்டினால் 25. இதைச் சின்னவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், சாய்ச்சுப் பாத்தா நாலுக்கு நாலு கட்டம், அதுக்கு இடையில மூணுக்கு மூணு” என்றான். 16ம் 9ம் 25. எனக்கே அன்றுவரை அது கண்ணில் பட்டதில்லை. 5 புள்ளிக் கோலத்துக்கும் அப்படி வருமா என்று உடனே போட்டுப் பார்த்தோம். 9ம் 4ம் 13, வந்தது.

அவன் வாசலில் கோலம் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்றால், நன்றாகப் போடுகிறான் என்று சொல்லும்.

சரி, இதனால மார்க்கு கூடுமா?

உடனே கூடாது. அடுத்த தேர்வில் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை கேள்வியைப் படித்துவிட்டு யோசிக்கத் தொடங்கும், அளவு பற்றிய கணக்குகளில் தடுமாற்றம் குறையும். நான் பார்த்தது அவ்வளவுதான்.

அதே சமயம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவே வேண்டாம் என்கிற கட்சியும் நான் இல்லை. எட்டேழு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். புளியமுத்தை எட்டு எட்டாக ஏழு வரிசை அடுக்கி ஒரு முறை பார்த்துவிட்டு மனப்பாடம் செய்தால் மறக்காது.

ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்திருக்காவ, திங்கக்கெழம கொண்டுட்டுப் போணும். நீங்களே செஞ்சு குடுத்துருவீயளா?

மாட்டேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2012-13ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்பு நடக்கும்போதே பார்க்கிற செயல்பாடு, சிறு தேர்வு) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60 என்று மதிப்பெண் பிரித்தார்கள். பிள்ளை கையால் செய்வதற்கும் மதிப்பு வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? ஸ்டேஷனரி கடையில் சூரியக் குடும்பம் தெர்மாகோலில் தயாராகத் தொங்குகிறது. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஒரே வகுப்பில் ஒரே கடையில் வாங்கிய ஆறு எரிமலை வந்தது. ஆறுக்கும் நான்தான் மதிப்பெண் போட்டேன். அதில் ஒன்று அட்டைப்பெட்டியில் பிள்ளையே ஒட்டியதாக இருந்தால், ஒழுகினாலும், அதற்குத்தான் முழு மார்க் போட்டிருப்பேன்.

பிள்ளை ஓலையும் அட்டையும் எடுத்துக்கொண்டு வரட்டும், இங்கே உட்கார்ந்து அதுவே செய்யட்டும். பசை மட்டும் நான் தருகிறேன்.

யூட்யூப்ல எல்லாம் இருக்கே, அதப் பாத்துச் செஞ்சா போதாதா?

செய்முறைக்குப் போதும். பாய் முடைந்த பையன் அழப் போன நேரத்தில் யூட்யூப் அடுத்த வீடியோவுக்குப் போயிருக்கும்.

நீங்க பதிலே சொல்ல மாட்டீய. அப்போ புள்ள தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வந்தா?

நல்ல கேள்வி. ஒரு ஆசிரியை கேட்டது. தப்பாகப் புரிந்துகொள்வார்கள், கட்டாயம். வாளித் தண்ணீரில் எது மிதக்கும் எது மூழ்கும் என்று பார்த்தபோது, கல் மூழ்கியது, ஓலை மிதந்தது. “கனமானது மூழ்கும்” என்று நோட்டில் எழுதியே விட்டார்கள். நான் அதை அழிக்கவில்லை. மறுவாரம் வாளிக்குப் பக்கத்தில் ஒரு உரிக்காத தேங்காயும் ஒரு குண்டூசியும் வைத்தேன். தேங்காய் மிதந்தது, குண்டூசி அடியில் போய்ப் படுத்தது. கொட்டகையில் ஒரே சத்தம். அப்புறம் களிமண் உருண்டையைப் போட்டோம், மூழ்கியது. அதே மண்ணை எடுத்து மெல்லிசாகக் கிண்ணம் மாதிரித் தட்டி மெதுவாக வைத்தால் மிதந்தது. கனம் அதேதான், மண்ணும் அதேதான்.

அன்று முடிவில் அவர்கள் எழுதியது “கனம் மட்டும் இல்ல, வடிவமும் இருக்கு.” அறிவியல்படி இது முழுசாகச் சரி இல்லை, அடர்த்தி என்ற சொல் இன்னும் வரவில்லை. நாலாம் வகுப்புக்கு இது போதும். ஆனால் விஷம், மின்சாரம், தண்ணீர் ஆழம் இந்த மூன்றிலும் ‘நீயே கண்டுபிடி’ கிடையாது, நேரடியாகச் சொல்லிவிடுவேன்.

நாங்க ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு. எங்களால இத எப்படிச் செய்ய முடியும்?

தினமும் முடியாது, மேலே நானே சொன்னேன். வாரத்தில் ஒரு பீரியட் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே பொருள், ஆளுக்கேற்ற கேள்வி. ஒரு குவியல் புளியமுத்து போதும். ஒன்றாம் வகுப்பு எண்ணும், மூன்றாம் வகுப்பு பல்லாங்குழிக் கணக்குப் போடும், ஐந்தாம் வகுப்பு பின்னம் பார்க்கும். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித் தருவார்கள், அதைத் தடுக்காமல் இருந்தால் போதும்.

வருஷத்துக்கு ஒரு முறை திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போகலாம். 1987லிருந்து இருக்கிறது. கையால் தொட்டு இயக்கிப் பார்க்கிற பொருட்கள் நிறைய. எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று ஓட்டாதீர்கள். நாலு பொருள், நிதானமாக.

டவுன்ல சம்மர் கேம்ப்னு நிறைய நடக்கு. நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

கடைசி அரை மணி நேரம் போய் நில்லுங்கள். 20 பிள்ளைகள் செய்ததும் ஒரே மாதிரி அழகாக இருந்தால், செய்தது பிள்ளைகள் இல்லை. பிள்ளையிடம் “என்ன செஞ்ச?” என்று கேட்காமல் “எது வரமாட்டேன்னு சொல்லிச்சு?” என்று கேளுங்கள். பதில் இருந்தால் நல்ல இடம். பேனரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கட்டணத்தைப் பார்த்தும்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். வீட்ல தனியா எதும் செய்ய நேரம் இல்ல.

தனியாக எதுவும் வேண்டாம். சமைக்கும்போது பக்கத்தில் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தால் தேங்காயை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிவதைப் பிள்ளை செய்யட்டும். மூன்றையும் தனித்தனி டம்ளரில் ஊற்றி எது கெட்டி என்று பார்க்கட்டும். எலுமிச்சம்பழத்தை ஏன் அடுப்பை அணைத்த பிறகு பிழிகிறோம்? ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்க வைத்து அதில் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள். திரியும். ஒரு கரண்டிப் பால் போனால் போகிறது.

அரிசி அளக்க வீட்டில் படியும் உழக்கும் ஆழாக்கும் இருந்தால் பரணிலிருந்து எடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. அரை, கால், அரைக்கால் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில வகுப்பு உண்டா?

உண்டு, கொட்டகை ஒழுகாத வரை. மழைக்காலத்தில் எங்கள் வேலை மழைமானி. ஒரு குளிர்பான பாட்டிலின் தலையை வெட்டி, அதைக் கவிழ்த்துப் புனலாகச் செருக வேண்டும். பாட்டில் அடி மேடுபள்ளமாக இருக்கும், அதனால் நேரான பகுதி தொடங்குகிற இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே 0 என்று கோடு போட்டு, மேலே அளவுகோல் ஒட்டுவோம். காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, மில்லிமீட்டரில் எழுதிவிட்டு, மறுபடி 0 வரை கொட்டிவிட வேண்டும். மரத்தடியிலும் ஓட்டுச் சாய்ப்பிலும் வைக்கக்கூடாது.

2023 டிசம்பர் 17, 18ல் வெள்ளம் வந்ததே, அப்போதும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மாடியில் வைத்திருந்தாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அவளுடைய பாட்டில் 20 சென்டிமீட்டர்தான். மூன்று வாரம் கழித்து வகுப்பு தொடங்கியபோது அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 16ஆம் தேதிவரை எண்கள் வரிசையாக இருந்தன. 18ஆம் தேதிக்கு நேராக எண் இல்லை. “பாட்டில் பத்தல” என்று எழுதியிருந்தாள்.